மூக்குச் சீரமைப்பு அறுவை சிகிச்சை: வட சென்னையிலிருந்து முதன்முறையாகச் செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூக்கின் வடிவத்தை மாற்றும் அறுவை சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த மூக்கு தன் இறுதி வடிவத்துக்கு வந்துசேர ஓராண்டு ஆகும், தோல் தடித்தவர்களுக்கு அதற்கு மேலும் ஆகலாம். இந்த இரண்டு கால அளவுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை முன்கூட்டியே மனத்தில் வாங்கிக்கொள்ளாததுதான் புதிதாகச் செல்பவர்கள் பலருடைய மனக்கசப்புக்குக் காரணம் என்பது என் கருத்து. பள்ளிக்கூடத்தில் எறிபந்து பட்டு வளைந்த மூக்கோடும், பாதி அடைத்த இடது துவாரத்தோடும் பதினைந்து ஆண்டுகளைக் கழித்துவிட்டு, தண்டையார்ப்பேட்டையிலிருந்து போய் அதைச் சரிசெய்துகொண்டவள் நான். நான் மருத்துவர் அல்ல; ஆகவே இங்கே எழுதியிருப்பவற்றில் உங்கள் மருத்துவர் சொல்வதற்கு மாறாக ஏதேனும் இருந்தால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில், என்ன செய்யப்போகிறார்கள் என்பது

ரைனோபிளாஸ்டி என்ற ஒரே பெயருக்குள் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. மூக்குத் தண்டின் மேலுள்ள திமிலைச் செதுக்குவது, தாழ்ந்த தண்டை உயர்த்துவது, அகன்ற நாசி மடல்களின் அடியைக் குறுக்குவது, உருண்டு தடித்த நுனியைச் சீராக்குவது, உதட்டுப் பிளவோடு பிறந்தவர்களின் சாய்ந்த மூக்கை நிமிர்த்துவது என ஒவ்வொன்றும் தனி வேலை. இரண்டு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள சுவரை, அதாவது செப்டத்தை, நேராக்குவதற்குச் செப்டோபிளாஸ்டி என்று பெயர்; அது மூச்சுக்காகச் செய்வது, வெளித்தோற்றத்தை அது பெரிதாக மாற்றாது. இரண்டையும் ஒரே மயக்கத்தில் சேர்த்துச் செய்துவிடுவதும் உண்டு. எனக்கு அப்படித்தான் செய்தார்கள்.

அறுவை முறையும் இரண்டு வகை. திறந்த முறையில், இரு துவாரங்களுக்கும் இடையே தூண் போல நிற்கும் சிறு தோல் பகுதியின் குறுக்கே வெட்டி, தோலை மேலே தூக்கி, உள்ளிருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் நேரில் பார்த்து வேலை செய்கிறார்கள். மூடிய முறையில் எல்லா வெட்டுகளும் துவாரத்துக்குள்ளேயே இருக்கும். திறந்த முறையின் தழும்பை எண்ணிப் பயப்படுகிறவர்கள் அதிகம். ஆனால் அந்த இடத்துத் தழும்பு பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் கோடாகிவிடும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்குத் தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் மட்டும் அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

நம்மவர்களின் மூக்கைப் பற்றி ஒன்று. மூக்கை ‘வெட்டிச் சிறிதாக்குவது’தான் இந்தச் சிகிச்சை என்று பலர் நினைத்திருக்கிறார்கள். தாழ்ந்த தண்டும், தடித்த தோலும், தாங்கு வலு குறைந்த நுனியும் உள்ள மூக்கில் வெட்டுவதைவிடக் கட்டுவதே பெரிய வேலை: உங்கள் செப்டத்திலிருந்தோ காது மடலின் பின்புறத்திலிருந்தோ குருத்தெலும்பை எடுத்து, தண்டுக்கும் நுனிக்கும் முட்டுக் கொடுப்பார்கள். அங்கே போதாவிட்டால் விலா எலும்பின் குருத்தை எடுப்பார்கள். அப்படியானால் மார்பில் ஒரு தழும்பும், மூக்கைவிட மிகுதியாக வலிக்கும் இன்னொரு புண்ணும் சேரும். சிலிக்கோன் துண்டை வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது எளிது, ஆனால் அயற்பொருள் என்பதால் தொற்று ஏற்படவும், ஆண்டுகள் கழித்துத் தோலைத் துளைத்து வெளியே வரவும் வாய்ப்புண்டு. சொந்தக் குருத்தெலும்பையே கேளுங்கள் என்பேன் நான்.

வீட்டிலுள்ள பெரியவர்கள் இதையெல்லாம் மேல்நாட்டு மோகம் என்று ஒதுக்கினால், மறுமொழி சொல்ல வரலாறு இருக்கிறது. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலால் மீட்டெடுக்கும் முறையைச் சுஸ்ருத சம்ஹிதை விவரித்திருக்கிறது. மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டியவரும், திப்புவின் ஆட்களால் மூக்கறுக்கப்பட்டவருமான கௌவாஸ்ஜி என்பவருக்கு, புனே பகுதியில் நெற்றித் தோலைத் திருப்பிப் புது மூக்கு அமைத்ததைப் பற்றிய செய்தி 1794இல் இலண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் வெளிவந்தது. அந்த முறையைப் பின்பற்றி ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் 1814இல் இலண்டனில் சிகிச்சை செய்தார். புற்றுநோயால் மூக்கை இழந்தவர்களுக்கு நெற்றித் தோலைக் கொண்டு மூக்கமைக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. மூக்கறுபடுவதை மானம் போவதற்குச் சமமாகப் பேசிய ஊரில்தான் மூக்கை ஒட்டவைக்கும் கலையும் வளர்ந்தது என்று என் பாட்டியிடம் சொன்னபோது, அவர் கொஞ்சம் இறங்கிவந்தார்.

யாருக்காக, எந்த வயதில்

நல்ல மருத்துவர் கேட்கும் முதற்கேள்விகளில் ஒன்று, இந்தச் சிகிச்சையை விரும்புவது யார் என்பது. பெண் பார்க்க வருபவர்கள் சொன்ன ஒரு சொல்லுக்காகவோ, ‘மூக்கும் முழியுமாக’ இருக்க வேண்டும் என்ற தாயின் ஆசைக்காகவோ வருபவரை அவர் தயங்கித்தான் ஏற்பார். சிலரைத் திருப்பி அனுப்பவும் செய்வார். நாள் முழுவதும் கண்ணாடிமுன் நின்று, பிறர் கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்றைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அறுவை சிகிச்சை நிம்மதி தருவதில்லை. அவர்களுக்கு முதலில் மனநல ஆலோசனை தேவை. திருமணத் தேதி குறித்தாகிவிட்டது என்றால், அதற்கு மூன்று மாதங்களுக்குள் இதைச் செய்துகொள்ளாதீர்கள். ஆறு மாதம் இடைவெளி இருந்தால் நல்லது.

முக எலும்பு வளர்ந்து முடிந்த பிறகே வடிவத்தில் கை வைக்க வேண்டும். பெண்களுக்குப் பதினாறு, ஆண்களுக்குப் பதினேழு பதினெட்டு வயது என்பது பொதுவான கணக்கு; பதினெட்டு நிறையாதவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும்.

குத்துச்சண்டைக்குப் போகிற பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அவர்களுக்கு மருத்துவர்கள் சொல்வது ஒன்றுதான்: மூச்சு அடைப்புத் தாங்க முடியாததாக இருந்தாலொழிய, வளையத்தை விட்டு விலகிய பிறகு வாருங்கள். சரிசெய்த மூக்கு மீண்டும் குத்து வாங்கினால் முன்னைவிடச் சிக்கலாகும். அதேபோல, வியாசர்பாடி மைதானத்தில் பந்தாடும்போது முழங்கை பட்டு மூக்கு உடைந்தால், ‘வீக்கம் வடியட்டும்’ என்று மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. முறிந்த எலும்பை வெளியிலிருந்தே தள்ளி நேராக்கும் எளிய சிகிச்சைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம்தான் அவகாசம், சிறுவர்களுக்கு அதற்கும் குறைவு. அந்த நாட்களைத் தவறவிட்டால் எலும்பு கோணலாகவே கூடிவிடும். பிறகு பல மாதம் பொறுத்து முழு அறுவை சிகிச்சைதான் செய்ய வேண்டியிருக்கும். அடிதடியிலோ விபத்திலோ உடைந்ததென்றால், மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, ஏ.ஆர். காப்பியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்குக்கும் காப்பீட்டுக்கும் அது தேவைப்படும்.

எங்கே, யாரிடம் செல்வது

ஸ்டான்லி மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை, சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை ஆகிய மூன்றிலும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறையும் காது மூக்கு தொண்டைத் துறையும் இருக்கின்றன. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று காட்ட வேண்டும். பிறவிக் குறை, விபத்து, மூச்சடைப்பு ஆகியவற்றுக்கு இங்கே செல்வதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். தீக்காயமும் விபத்தும் அன்றாடம் வந்து குவியும் இடங்களில் இருப்பவர்களின் கைப்பழக்கம் சாதாரணமானதல்ல. அவசர நோயாளிகளுக்கே அங்கு முன்னுரிமை என்பதால், தோற்றத்துக்காக மட்டும் வருபவர் நெடுநாள் காத்திருக்கவும், சில வேளைகளில் மறுக்கப்படவும் நேரலாம். அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை.

தனியாரிடம் செல்வதானால், பெயருக்குப் பின்னாலுள்ள பட்டத்தைப் படியுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. முடித்தவர், அல்லது காது மூக்கு தொண்டையில் எம்.எஸ். முடித்து மூக்குச் சீரமைப்பில் தனிப்பயிற்சி பெற்றவர் இதைச் செய்யலாம். மருத்துவரின் பதிவைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்த்துக்கொள்ளலாம். ‘காஸ்மெடிக் கிளினிக்’ என்ற பலகை மட்டும் பட்டமாகாது. குறிப்பாக, கத்தியில்லாமல் ஊசியிலேயே மூக்கைத் தூக்கித் தருவதாகச் சொல்லும் அழகு நிலையங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஃபில்லர் எனப்படும் அந்த மருந்து தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் சென்றால் மூக்கின் தோல் செத்துப்போகலாம், கண் பார்வையும் பறிபோகலாம். அதைப் போட்டுக்கொள்வதென்றால் அந்தச் சிக்கலை உடனே எதிர்கொள்ளத் தெரிந்த மருத்துவரிடம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதற்சந்திப்பில் மருத்துவர் துவாரத்துக்குள் விளக்கடித்துப் பார்ப்பார், நுனியை அழுத்திப் பார்ப்பார், நேராகவும் இரு பக்கவாட்டிலும் சாய்வாகவும் கீழிருந்தும் புகைப்படம் எடுப்பார். சிலர் அந்தப் படத்தைக் கணினியில் திருத்தி, மாற்றம் எப்படி இருக்கக்கூடும் என்று காட்டுவார்கள். அது பேசிப் புரிந்துகொள்ள உதவும் ஒரு வரைபடம், உறுதிமொழி அல்ல. நான் முதலில் போன ஓரிடத்தில் என் மூச்சடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், யாரோ ஒரு நடிகையின் மூக்கை என் முகத்தில் ஒட்டிக் காட்டினார்கள். அன்றே எழுந்து வந்துவிட்டேன். மூச்சைப் பற்றிக் கேட்காதவரிடம் மூக்கைக் கொடுக்கலாகாது என்ற பிடிவாதம் எனக்கு அப்போது வந்தது, இன்னும் போகவில்லை. மூக்கைக் குறுக்கும்போது உள்வழியும் குறுகும்; அழகான மூக்கில் மூச்சு விட முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை: என் மூக்கில் எதை மாற்ற முடியும், எதை முடியாது; குருத்தெலும்பு எங்கிருந்து எடுப்பீர்கள்; உங்கள் பழைய நோயாளிகளின் ஓராண்டு கழித்த படங்களைப் பார்க்கலாமா; மயக்க மருந்து கொடுப்பவர் யார்; இரவில் இரத்தம் வந்தால் எந்த எண்ணை அழைப்பது; இரண்டாம் முறை திருத்த வேண்டி வந்தால் செலவு யாருடையது. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்டுவிடுங்கள். திறமையான கைகளிலும் நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேருக்குத் திருத்தச் சிகிச்சை தேவைப்படுவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

பணம்

மொத்தத் தொகையைக் கேட்காதீர்கள். அறுவை மருத்துவர் கட்டணம், மயக்கவியல் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கு, அறை வாடகை, மருந்து, பரிசோதனைகள், பின்தொடர் சந்திப்புகள் எனப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தோற்றத்துக்காக மட்டும் செய்யும் சிகிச்சையைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்பதில்லை; விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பு அந்த விலக்கில் சேராது. செப்டம் வளைவுக்குப் பல பாலிசிகளில் காத்திருப்புக் காலம் உண்டு. இரண்டையும் சேர்த்துச் செய்தால், மூச்சுக்கான பகுதிக்கு மட்டும் முன் அனுமதி கிடைக்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று: மருத்துவச் சேவைக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. கிடையாது, ஆனால் பிறவிக் குறையோ வளர்ச்சிக் குறையோ காயமோ இல்லாமல் தோற்றத்துக்காகச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு அந்த வரி உண்டு. கடைசி நாளில் பில்லைப் பார்த்து அதிர்ந்து நிற்க வேண்டாம்.

எந்த மாதத்தில்

இதை மருத்துவர் சொல்லமாட்டார், ஆனால் நம் பக்கத்தில் குடியிருப்பவர்கள் யோசிக்க வேண்டிய செய்தி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வியாசர்பாடியும் புளியந்தோப்பும் முழங்கால் நீரில் நிற்கும்போது, ஏழாம் நாள் கட்டுப் பிரிக்கப் போவது எப்படி? சளிக் காய்ச்சல் பரவும் காலமும் அதுவே. சளி பிடித்திருந்தால் மயக்கம் கொடுக்காமல் தேதியைத் தள்ளிவைப்பார்கள். கத்திரி வெயிலில் வியர்வை ஊறி, மூக்கின்மேல் ஒட்டிய பிளாஸ்திரி நழுவும். இரவில் மின்சாரம் நின்றால் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு தலையணைகளில் சாய்ந்திருப்பது பெரும்பாடு. தை, மாசி மாதங்கள்தாம் எனக்குத் தெரிந்த நல்ல காலம். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டியோ கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் அருகிலோ வீடு இருந்தால், கன்டெய்னர் லாரிப் புழுதியும் புகையும் இல்லாத உறவினர் வீட்டில் முதல் பத்து நாட்களைக் கழிக்க முடியுமா என்று பாருங்கள்.

சிகிச்சைக்கு முந்தைய வாரங்கள்

புகைப்பழக்கம் உள்ளவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்னதாகவே நிறுத்த வேண்டும், பின்னரும் நான்கு வாரம் தொடக்கூடாது. நிகோட்டின் தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். மூக்குப்பொடி போடும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் இ, பூண்டு மாத்திரை போன்றவையும் இரத்தக் கசிவைக் கூட்டுபவை. ஒன்றிரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சித்த மருந்தோ நாட்டு மருந்தோ எடுத்துக்கொண்டிருந்தால், ‘இதெல்லாம் மருந்தா’ என்று நினைத்து மறைக்காமல் பெயரைச் சொல்லுங்கள். இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இதய மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இரத்தப் பரிசோதனை, சர்க்கரை, இரத்தம் உறையும் நேரம், இ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றுக்குப் பிறகு மயக்கவியல் மருத்துவர் பார்த்துத் தகுதிச் சான்று தருவார். சைனஸ் தொல்லை இருந்தால் சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். இரத்தப் போக்கு, தொற்று, செப்டத்தில் ஓட்டை, நுனி மரத்துப்போதல், இரு பக்கமும் ஒத்திராமை, மூச்சடைப்பு என்று அதில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது வயிறு கலங்கும். கலங்கினாலும் முழுவதும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

முதல் நாளே மூக்குத்தியைக் கழற்றிவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் போட்டிருந்த மூக்குத்தியின் திருகாணி அவ்வளவு எளிதில் அசையாது. அறுவை அரங்கின் வாசலில் செவிலியர் குறடு தேடி ஓடுவதைவிட, வீட்டருகிலுள்ள பொற்கொல்லரிடம் ஒரு நாள் முன்பே போவது நல்லது. அறுவையின்போது இரத்தக் குழாய்களை மின்சாரத்தால் சுட்டு அடைப்பார்கள் என்பதால் உடலில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. தாலிச் சங்கிலியும் இதில் அடங்கும். கழற்ற மனம் ஒப்பாதவர்கள் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொள்வது வழக்கம், பல இடங்களில் அதற்கு இசைவார்கள். நகப்பூச்சையும் அழித்துவிட வேண்டும், விரல் நுனியில் மாட்டும் கருவி பிராணவாயு அளவைச் சரியாகக் காட்ட வேண்டும் அல்லவா. திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்படும். ‘காலையில் ஒரு வாய் காபிதானே’ என்று குடித்துவிட்டு வந்தால் சிகிச்சை தள்ளிப்போகும்.

அந்த நாள்

கையில் ஊசி ஏற்றி, தள்ளுவண்டியில் கொண்டுபோவார்கள். முழு மயக்கம் என்பதால் அதன்பின் உங்களுக்கு எதுவும் தெரியாது. நுனியில் மட்டும் சிறு வேலையென்றால் இடத்தை மட்டும் மரக்கச் செய்வதும் உண்டு.

விழித்தெழும்போது வலியைவிட அடைப்புத்தான் பெரிதாகத் தெரியும். மூக்கின் மேல் கெட்டியான கட்டு, உள்ளே சிலிக்கோன் தகடோ பஞ்சோ, மூக்குக்குக் கீழே மீசை போல ஒரு துணித் துண்டு. மயக்கத்துக்காகக் குழாய் விட்டதால் தொண்டை கரகரக்கும்; வாயாலேயே மூச்சு விட வேண்டும் என்பதால் நாக்கு வறண்டு ஒட்டும். விழுங்கிய இரத்தம் கருநிற வாந்தியாக வரலாம். உடன் வந்தவர் இதைப் பார்த்துக் கூச்சலிடாமலிருக்க, முன்கூட்டியே அவரிடம் சொல்லிவைப்பது நல்லது. என் அண்ணன் நடைபாதையில் உட்கார்ந்தே விட்டான். அன்று மாலையோ மறுநாள் காலையிலோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தனியாகத் திரும்பக் கூடாது.

முதல் வாரம், வீட்டில்

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் முகம் மிக மோசமாக இருக்கும். கண்ணைச் சுற்றிக் கத்தரிப்பூ நிறத்தில் கன்றியிருக்கும், இமைகள் வீங்கிக் கண் இடுக்கமாகும். அதன்பின் ஒவ்வொரு நாளும் குறைந்து, பத்துப் பதினான்கு நாட்களில் மஞ்சளாக மாறி மறையும். முதல் இரண்டு நாட்கள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கண்களின் மேலும் கன்னத்திலும் ஒற்றலாம், மூக்கின் மேல் வைக்கக் கூடாது. இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கி, தலை உயர்ந்திருக்க மல்லாந்து படுக்க வேண்டும்; இந்த ஏற்பாடு இரண்டு வாரத்துக்குத் தொடரும். மீசைத் துணி முதல் நாளில் பலமுறை நனையும். இளஞ்சிவப்பு நீராகக் கசிவது இயல்பு.

நம் வீட்டுப் பழக்கங்கள் சில இந்த வாரத்துக்கு எதிரானவை. மூக்கடைத்திருப்பதைப் பார்த்ததும் ஆவி பிடிக்கச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம்; சூடு இரத்தக் கசிவைத் தூண்டும். தைலம் தேய்ப்பது, தையலின் மேல் மஞ்சள் அப்புவது, சாம்பிராணி போடுவது, கொசுவர்த்தி ஏற்றுவது ஆகிய அனைத்தையும் நிறுத்திவையுங்கள். சமையலறையில் மிளகாய் தாளிக்கும் நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். ஒரு தும்மல் வந்தால் வாயை நன்றாகத் திறந்து தும்ம வேண்டும், அடக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரத்துக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. மருத்துவர் தந்த உப்பு நீரைச் சொன்னபடி துவாரத்தில் தெளித்துக்கொண்டே இருந்தால் பொருக்கு தானாக இளகி வரும், நகத்தால் பிய்க்காதீர்கள்.

உணவில் பத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மெல்லுவதற்குக் கடினமானதும் ஆவி பறக்கச் சூடானதும் கூடாது, அவ்வளவுதான். இட்லி, கஞ்சி, ஆறிய இரசம் சாதம், இளநீர் போதும். மீன் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று என் பாட்டி தடுத்தார். மருத்துவரோ புண் ஆறப் புரதம் தேவை, முள்ளில்லாத மீனாகப் பார்த்துச் சாப்பிடுங்கள் என்றார். காசிமேட்டு வஞ்சிரம் ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தது, ஆனால் மூக்கடைப்பில் மணமும் சுவையும் தெரியவில்லை என்பது வேறு செய்தி. மோப்ப உணர்வு சில வாரங்களில் திரும்பிவிடும்.

தலைக்குக் குளிப்பதைக் கட்டுப் பிரிக்கும்வரை தள்ளிப்போடுங்கள், அல்லது பின்னால் சாய்ந்து வேறொருவர் தலையை அலசிவிடட்டும். கழுத்து வழியாக மாட்டும் உடைகளுக்குப் பதில் முன்பக்கம் பொத்தான் வைத்தவற்றை அணியுங்கள்.

கட்டுப் பிரிக்கும் நாள்

ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தையலையும் வெளிக் கட்டையும் உள் தகடுகளையும் எடுப்பார்கள். தகடு உருவப்படும் நொடி விசித்திரமானது. அதை அடுத்து மூச்சு உள்ளே பாயும்போது அழுகை வந்தாலும் வரலாம். அன்றைய பயணத்துக்கு, குழியும் மேடுமான சாலையில் ஷேர் ஆட்டோவில் போவதைவிட மெட்ரோ நல்லது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை தடம் நீண்டதிலிருந்து, திருவொற்றியூர், தண்டையார்ப்பேட்டைக்காரர்களுக்கு இது எளிதாகிவிட்டது. நெரிசல் இல்லாத வேளையாகப் பார்த்து ஏறுங்கள், ஒரு முழங்கை பட்டால் போதும்.

கண்ணாடியில் அன்று பார்க்கும் மூக்கு உங்கள் மூக்கு அல்ல. நுனி தூக்கிக்கொண்டு, தண்டு அகன்று, தோல் எண்ணெய் வழிந்து பருக்களோடு இருக்கும். அக்கம்பக்கத்தினர் வந்து பார்த்து, ‘இதுக்கா இவ்வளவு?’ என்பார்கள். இரண்டாம் வாரத்தில் பலருக்கு மனம் சோர்ந்து, ஏன் செய்தோம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. அது வரும் என்று தெரிந்திருப்பதே பாதி மருந்து. அந்த வாரத்தில் எந்தத் தீர்மானத்துக்கும் வராதீர்கள், எவருக்கும் புகைப்படம் அனுப்பாதீர்கள்.

அதன்பின் வரும் மாதங்கள்

அலுவலக வேலைக்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரத்தில் திரும்பலாம். துறைமுகத்திலோ பட்டறையிலோ பாரம் தூக்குபவர்களுக்கு நான்கு வாரமாவது வேண்டும். நடைப்பயிற்சி முதல் வாரத்திலிருந்தே நல்லது. ஓட்டமும் எடை தூக்குதலும் மூன்று நான்கு வாரம் கழித்து. பந்து, கபடி போன்றவை மூன்று மாதம் கழித்து. மூக்குக் கண்ணாடியை நான்கு முதல் ஆறு வாரம் தண்டின் மேல் வைக்கக் கூடாது, எலும்பில் பள்ளம் விழும். தவிர்க்க முடியாதென்றால் நெற்றியில் பிளாஸ்திரியால் ஒட்டித் தொங்கவிடும் முறையை மருத்துவரே காட்டுவார். இருசக்கர வாகனத்தில் போகிறவர்களுக்கு முழு முக ஹெல்மெட் பெரிய இடைஞ்சல், அதை மாட்டும்போதும் கழற்றும்போதும் மூக்கில் உரசும். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது தீர்வாகாது. ஆறு வாரத்துக்கு வண்டியை வீட்டில் நிறுத்துவதுதான் தீர்வு. கன்றிய தோலில் வெயில் பட்டால் கருமை நிலைத்துவிடும் என்பதால் சன்ஸ்கிரீனும் குடையும் வேண்டும்.

வீக்கத்தில் பெரும்பகுதி மூன்று மாதத்துக்குள் வடிந்துவிடும், நுனி வீக்கம் மட்டும் ஓராண்டுக்கும் இழுக்கும். காலையில் சற்றுப் பருத்தும் மாலையில் சற்று மெலிந்தும் தெரியும். நுனி மரத்திருப்பதும், சிரிக்கும்போது மேலுதடு விறைப்பாக இருப்பதும் மெல்ல மாறும்.

எவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உட்கார்ந்து, தலையைச் சற்று முன்னே சாய்த்து, மீசைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தும் கால் மணி நேரத்துக்குள் நிற்காத செந்நிற இரத்தம், 101 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல், நாளுக்கு நாள் குறையாமல் ஒரு பக்கம் விண்விண்ணென்று கூடும் வலியும் அடைப்பும், குனியும்போது துவாரத்திலிருந்து தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டுதல், பார்வை மங்குதல், கெண்டைக்கால் வீங்கி வலித்தல் அல்லது மூச்சுத் திணறல். இவற்றில் எது வந்தாலும் மருத்துவரை உடனே அழையுங்கள். அவர் கிடைக்காவிட்டால், நள்ளிரவானாலும் 108ஐ அழைத்து அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கழற்றிய மூக்குத்தியைத் திரும்பப் போடுவதற்குச் சில மாதம் பொறுக்க வேண்டும். துளை அதற்குள் தூர்ந்துபோனால், புதிதாகக் குத்தும் இடத்தை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொண்ட பிறகே குத்த வேண்டும், ஏனெனில் ஒட்டவைத்த குருத்தெலும்பு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். வடிவத்தில் மனநிறைவு இல்லாதவர்களும் ஓராண்டு முடியும் முன் மறு அறுவைக்குப் போகக் கூடாது. உள்தழும்பு இளகாத மூக்கில் மீண்டும் கத்தி வைப்பது கெடுதலையே செய்யும். அப்படிப் போக நேர்ந்தாலும், வேறு மருத்துவரிடம் மாறினாலும், முதல் சிகிச்சையின் அறுவைக் குறிப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும்: எந்த வழியாகத் திறந்தார்கள், எங்கிருந்து எவ்வளவு குருத்தெலும்பு எடுத்தார்கள், என்ன வைத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த விவரம் பெரும்பாலும் இரண்டே வரியாகச் சுருங்கிவிடும். ஆகவே வீட்டுக்குக் கிளம்பும் நாளிலேயே முழுக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி, பழைய புகைப்படங்களோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.